பயணம் பூச்சியம்

எங்கள் தோட்டத்து பஸ் ஏன் நின்றது என்று லயத்தில் யாரைக் கேட்டாலும் ஒரு ஆளைக் கை காட்டுவார்கள். டிப்போக்காரர் என்பார்கள், தோட்டத்துத் துரை என்பார்கள், ஓட்டு வாங்கிக்கொண்டு போனவர்கள் என்பார்கள். நானும் கூடவே தலையாட்டிக்கொண்டு நிற்பேன். உண்மையில் அந்த பஸ் நின்றதில் என் பங்கு பெரியது. முழுக்க நான்தான் என்று சொன்னால் அதுவும் ஒருவகைப் பெருமையடிப்பாகிவிடும், அந்தளவுக்கு நான் பெரிய ஆள் இல்லை. ஆனால் பேனா என் கையில்தான் இருந்தது.

ஹட்டன் பக்கத்து மலை ஒன்றில், தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீட்டில், லயத்தில், பிறந்தவள் நான். கலைப்பிரிவில் உயர்தரம் வரை படித்தேன். கல்யாணத்துக்குப் பிறகும் அதே லயம்தான். வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு சைவக் கடையில் வேலை செய்கிறார், மாதத்துக்கு ஒரு முறை வருவார். எங்களுக்கு ஒரே மகள். சாதாரண தரத்தில் கணிதத்துக்கு ஏ எடுத்துவிட்டு வந்து, உயர்தரத்தில் கணிதப் பிரிவுதான் படிப்பேன் என்று நின்றாள். எங்கள் தோட்டத்தில் அதுவரை யாரும் அந்தப் பக்கமே போனதில்லை. தமிழில் அந்தப் பிரிவைப் படிப்பிக்கிற பள்ளிக்கூடம் டவுனில்தான் இருந்தது. தோட்டத்தின் மேல் பகுதியான எங்கள் டிவிசனிலிருந்து காலை ஆறேகாலுக்கு இறங்குகிற பஸ், பின்னேரம் இரண்டரைக்கு ஏறி வருகிற பஸ். இரண்டும் ஒரே பஸ்தான். அதை நம்பித்தான் அவளை அங்கே சேர்த்தோம். அவரும் கொழும்பில் இட்லி கட்டிக் கொடுக்கிற கையோடு, “மக இஞ்சினியருக்குப் படிக்கிறா” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வருடம்தான் டவுனுக்குத் திட்டம் வந்தது. சூழலைக் கெடுக்காத நகரப் போக்குவரத்து என்று பெயர். கேட்டவுடன் சிரித்தவர்கள் உண்டு. நான் சிரிக்கவில்லை. எங்கள் டவுனுக்கு ஒரே வீதி. ஒரு பக்கம் மதில், மறுபக்கம் பள்ளம். மரக்கறி லொறி, சுற்றுலா வான், ஆட்டோ, பைக் எல்லாம் அந்த ஒரே வீதியில்தான் முட்டிக்கொண்டு நிற்கும். மூட்டம் இறங்குகிற நாளில் புகை மேலே போகாமல் நம் முகத்துக்கு நேரே நிற்கும். மகள் கழற்றிப்போடுகிற வெள்ளைச் சட்டையில் கழுத்துப்பட்டி தினமும் கறுத்திருக்கும், தேய்த்துத் தேய்த்து என் விரல் நோகும். நடக்கிறவருக்கு முதலிடம், அடுத்தது பஸ், சொந்த வாகனம் கடைசி என்று அந்தத் திட்டத்தில் எழுதியிருந்தார்கள். அதைப் படித்தபோது, யாரோ எங்கள் வீதியில் நின்று பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். இன்றைக்கும் அந்த வரியில் எனக்குக் குறை கிடையாது.

வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு எழுத, தமிழ் தெரிந்த பெண்கள் வேண்டும் என்றார்கள். நான் எழுதிப் போட்டேன், எடுத்துக்கொண்டார்கள். திட்ட அதிகாரி கொழும்பிலிருந்து வந்த சிங்களவர், நல்ல மனிதர். அவர் நல்லவராக இருந்ததுதான் எனக்குப் பின்னால் பெரிய கஷ்டமாகிப் போனது, திட்டவும் வாய் வரவில்லை. பயிற்சி வகுப்பில் அவர் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். கேள்வியை எழுதியிருக்கிறபடியே வாசியுங்கள், விளக்கம் சொல்லாதீர்கள், நீங்கள் விளக்கினால் அது உங்கள் பதிலாகிவிடும். நான் அதைக் கொப்பியில் அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டேன். நல்ல பிள்ளை என்று பெயர் வாங்க எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு ஆசை.

படிவத்தில் பத்தாவது கேள்வி இது. “நேற்றைய தினம் இவ்வீட்டிலுள்ளோர் மேற்கொண்ட பயணங்களின் எண்ணிக்கை யாது?”

முதல் வீட்டில் கொழுந்தெடுத்துவிட்டு வந்த ஒரு அக்கா காலில் ஒட்டியிருந்த அட்டையைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். நான் வாசித்ததும் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

“பயணமா? நாங்க எங்கம்மா பயணம் போறோம்? எங்க வீட்டுல கடைசியா பயணம் போனது எங்க மாமியாதான், கதிர்காமத்துக்கு. அப்புறம் சின்னவன் கத்தாருக்குப் போனான். நேத்தெல்லாம் ஒரு பயணமும் இல்ல.”

எங்கள் லயத்தில் பயணம் என்றால் அதுதான். கதிர்காமம், சிவனொளிபாதமலை, இந்தியா, வெளிநாடு. பெட்டி கட்டி, சாமி கும்பிட்டு, வாசலில் நின்று நாலு பேரிடம் சொல்லிவிட்டுப் போவதுதான் பயணம். டவுனுக்குப் போவதை யாரும் பயணம் என்று சொல்ல மாட்டார்கள். அது இறங்குவது. “டவுனுக்கு எறங்குனீங்களா?” என்றுதான் கேட்போம். திரும்பி வருவது ஏறுவது. அந்த அக்கா முந்தின நாள் கிளினிக்குக்கு இறங்கி ஏறியவர். அவருடைய மருந்து சுற்றிய காகிதச் சரை என் கண்ணுக்கு முன்னால் மேசையில் கிடந்தது.

எனக்குத் தெரியாதா? அதே லயத்தில் பிறந்து, அதே பேச்சைப் பேசி வளர்ந்த எனக்குத் தெரியாதா? ஒரே ஒரு வார்த்தையை மாற்றிக் கேட்டிருந்தால் போதும். நான் பூச்சியம் போட்டேன்.

விளக்கம் சொல்லாதே என்றார்களே என்று ஒரு சாக்கு இருந்தது. அது பாதிதான். மறுபாதியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். பத்தாவது கேள்விக்குப் பூச்சியம் என்றால் நேரே இருபத்தெட்டாவது கேள்விக்குப் போகலாம். பூச்சியம் இல்லையென்றால் ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு பக்கம் நிரப்ப வேண்டும். எங்கே, எதற்கு, எதில், எவ்வளவு நேரம் காத்து நின்றீர்கள். நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு மணித்தியாலம் போய்விடும். படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி. முதல் வீட்டில் கொஞ்சம் யோசித்தேன். மூன்றாவது வீட்டில் யோசிக்கவில்லை. அதற்குப் பிறகு கேள்வியை வாசிக்கும்போதே ‘நீங்க பயணம் ஒண்ணும் போயிருக்க மாட்டீங்கதானே’ என்ற மாதிரி என் குரல் போயிற்று. எங்கள் டிவிசனை மற்ற எல்லோருக்கும் முன்னால் முடித்துக் கொடுத்தேன். அதிகாரி எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார்.

அடுத்த பாடசாலைத் தவணை தொடங்கி இரண்டு வாரம் இருக்கும். பின்னேரம் மகள் வந்து சொன்னாள்.

“அம்மா, நாளையிலேருந்து பஸ் மேல வராதாம். டவுனுக்குள்ளயே சுத்துற வேலையாம். கண்டக்டர் அண்ணன் சொன்னாரு.”

நான் நம்பவில்லை. மறுநாள் ஆறேகால் ஆயிற்று, ஆறரை ஆயிற்று. பஸ் ஹோல்ட்டில் நின்றவர்கள் ஒவ்வொருவராக நடக்க ஆரம்பித்தார்கள். அந்த பஸ்ஸுக்குப் பச்சை நிறம் அடித்து, பக்கத்தில் ஒரு இலை வரைந்து, ரயில் நிலையத்துக்கும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையில் ஓடவிட்டிருந்தார்கள். டவுன்காரருக்கு அது நல்ல வசதி. அதில் நானே இரண்டு முறை ஏறியிருக்கிறேன், உட்கார இடமும் கிடைத்தது. எங்கள் மலையில் யாரும் பயணம் செய்வதில்லை என்று ஆய்வில் தெரியவந்ததாம். ஆள் இல்லாத இடத்துக்கு எதற்கு டீசலை எரிக்க வேண்டும் என்று கேட்டார்களாம். கேள்வி நியாயமானது. அதைக் கேட்ட இடத்தில் பதில் சொல்ல எங்கள் ஆள் ஒருவர்கூட இல்லை, என்னுடைய பூச்சியங்கள் மட்டும் இருந்தன.

பிறகு நடந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பஸ் நின்ற மூன்று மாதத்துக்குள் எங்கள் லயத்து வாசல்களில் பைக்குகள் வந்து நின்றன. எல்லாம் லீசிங் கடனில். கொழும்பிலிருந்து திரும்பி வந்த பையன்கள் ஆட்டோ எடுத்தார்கள். டவுனில் வாகனத்தைக் குறைக்க வந்த திட்டம் எங்கள் மலையிலிருந்து ஒரு படையையே டவுனுக்கு இறக்கியது. முன்பு ஒரே பஸ்ஸில் இறங்கியவர்கள் இப்போது ஆட்டோ ஆட்டோவாக இறங்கி, அதே ஒற்றை வீதியில் அந்தப் பச்சை பஸ்ஸை மறித்துக்கொண்டு நின்றார்கள். புகை இன்னும் கூடியது. இதை எந்தப் படிவத்தில் எழுதுவது?

மகள் பட்ட பாட்டைச் சொல்கிறேன். முதலில் பெரிய ரோட்டுக்கு நடந்து போய், மஸ்கெலியாவிலிருந்து வருகிற பஸ்ஸுக்குக் காத்து நின்றாள். அவை ஆட்கள் வாசலில் தொங்கத்தான் வரும், எங்கள் சந்தியில் நிறுத்தாது. பிறகு ஆட்டோவில் ஏழு பேர், எட்டுப் பேர் என்று நெருக்கிக்கொண்டு போனாள். ஒரு மழை நாளில் வளைவில் ஆட்டோ சரிந்தது. சாமி புண்ணியத்தில் பள்ளத்துப் பக்கம் சரியவில்லை. முழங்கையில் தையல் போட்டுக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு ஆட்டோ வேண்டவே வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். நான் சொன்னதால் நடந்தாள். விடியுமுன்பே டோர்ச் அடித்துக்கொண்டு கிளம்புவாள். லைட் இல்லாத பைக்குகள் உரசிக்கொண்டு போகும். போய்ச் சேரும்போது கேட் பூட்டியிருக்கும். முதல் பாடம் இணைந்த கணிதம். அதைத்தான் அவள் வெளியே நின்று தொலைத்தாள். வரவு போதாவிட்டால் பரீட்சைக்கு விட மாட்டோம் என்று பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. அவள் ராத்திரிச் சோற்றின் முன்னாலேயே தூங்கிவிழுவாள். தட்டை இழுத்து வைத்துவிட்டு அந்தப் பிள்ளையின் காலைப் பார்ப்பேன். விரலிடுக்கெல்லாம் ஊறி வெளுத்திருக்கும். எனக்கு என் கையை வெட்டிப் போடலாமென்று இருக்கும்.

கடைசியில் திட்ட அலுவலகத்துக்கே போனேன். அதிகாரி என்னை அடையாளம் கண்டு, உட்காரச் சொன்னார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். பயணம் என்ற சொல், இறங்குவது என்ற சொல், நான் தெரிந்தே பூச்சியம் போட்டது, எல்லாம். அவர் கோபப்படவில்லை. எழுந்து போய் எங்கள் டிவிசன் படிவக் கட்டைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகத் திருப்பினார். ஓரிடத்தில் நிறுத்தி என் பக்கம் தள்ளினார்.

அது எங்கள் வீடு. பட்டியலில் எங்கள் லயக்காம்பராவும் இருந்தது எனக்கு மறந்தே போயிருந்தது. கடைசி நாள், கடைசிப் படிவம், அடுப்படியில் உட்கார்ந்து எழுதியது. பக்கத்தில் மகளுடைய சப்பாத்துகள் அடுப்புச் சூட்டில் காய்ந்துகொண்டிருந்தன. குடும்ப அங்கத்தவர் மூன்று. பாடசாலை செல்வோர் ஒன்று. பயணம் பூச்சியம். என்னுடைய வீட்டில் யாரும் பயணம் என்ற சொல்லைத் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. அங்கே கேள்வி கேட்டதும் நான், பதில் சொன்னதும் நான்.

“இதுவும் பிழையா?” என்று அதிகாரி கேட்டார்.

“பிழைதான் சேர்.”

அவர் படிவக் கட்டை மூடி வைத்தார். பிழை என்று நான் எழுதிக் கொடுத்தால் என்னுடைய படிவங்கள் எல்லாவற்றையும் ரத்துச் செய்வார்கள், அப்போது எங்கள் மலை ஆய்விலேயே இருக்காது, இல்லாத மலைக்கு பஸ் கேட்க முடியாது என்று மெதுவாக விளக்கினார். பிறகு, அடுத்த மாதம் ஒரு கூட்டம் இருக்கிறது, மேலிடத்தவர்கள் வருகிறார்கள், ஆட்களைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். அவரால் முடிந்தது அதுதான்.

லயம் லயமாக ஏறி இறங்கினேன். கூட்டம் காலை ஒன்பதுக்கு. வேலை நாள். பகல் வேலைக்குத் திரும்பிவிட்டால் அரைப்பேராவது, அரைநாள் கூலியாவது, விழும், இல்லையென்றால் அன்றைய பேரே போய்விடும். பேர் போனால் கூலி போயிற்று. நடந்து போய் நடந்து வந்தால் பகலுக்குள் திரும்ப முடியாது. என்ன செய்வது என்று பெண்கள் கையைப் பிசைந்தபோது ஆட்டோப் பையன்கள் முன்வந்தார்கள்.

“அக்கா, நாங்க எறக்கி விடுறோம். காசெல்லாம் வேணாம். எங்க அம்மாவும்தானே பஸ்ஸுக்கு அலையுறாங்க.”

பஸ் வந்தால் அவர்கள் பிழைப்பில்தான் மண் விழும். தெரிந்தும் வந்தார்கள். பைக் வைத்திருந்தவர்களும் ஆளுக்கொருவரை ஏற்றினார்கள். எனக்கு அன்று காலையில் அவ்வளவு சந்தோஷம். ஒரு ஊர்வலம் மாதிரி இறங்கினோம், சிலர் ஹோர்ன் அடித்துக்கொண்டே வந்தார்கள். கூட்டம் நடந்த மண்டபத்து முற்றத்தில் எங்கள் வண்டிகள் நிற்க இடம் போதாமல் வெளியே வீதியோரம்வரை நின்றன.

மேலிடத்திலிருந்து வந்தவர் ஒரு அம்மா. மரியாதையாகத்தான் பேசினார். மொழிபெயர்க்க ஒரு தம்பியை வைத்திருந்தார்கள். வந்தவுடனே எங்களைப் பார்த்து, “காலையிலேயே வந்திருக்கிறீர்கள், வருவது கஷ்டமாக இருந்ததா?” என்று கேட்டார்.

முன்வரிசையில் இருந்த பெண்கள் எல்லோரும் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்றார்கள். முதல் வீட்டுப் படிவத்தில் இருந்த அதே அக்கா கைகூப்பிச் சொன்னார்.

“அதெல்லாம் ஒரு கஷ்டமும் இல்லைங்க. நல்லபடியா வந்து சேந்தோம்.”

வேறென்ன சொல்வார்? விருந்தாளியோ அதிகாரியோ கேட்டால் எங்கள் ஆட்கள் சொல்கிற பதில் அதுதான். சாப்பிட்டீர்களா என்று கேட்டால் பட்டினியாக இருந்தாலும் சாப்பிட்டாச்சு என்பதுதான். மொழிபெயர்த்த தம்பி சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தான். அந்த அம்மா ஜன்னல் வழியாக வெளியே நின்ற ஆட்டோக்களையும் பைக்குகளையும் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

நான் எழுந்து, “அது அப்படி இல்ல மேடம்,” என்று சிங்களத்தில் தொடங்கினேன். நீங்கள் யார் என்று கேட்டார்கள். நான் யார் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கெல்லாம் தெரிந்துவிடும். காசில்லாமல் ஏற்றி வந்த பையன்கள் கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தோட்டத்து ஆள் என்று மட்டும் சொல்லி, பஸ் வேண்டும் என்று சொல்லி, உட்கார்ந்துவிட்டேன். அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். வெட்கம்தான், வேறொன்றும் இல்லை.

உங்கள் பகுதியில் தனியார் வாகன வசதி போதியளவு உள்ளதால் சேவை தற்போதைக்கு மீள ஆரம்பிக்கப்பட மாட்டாது என்று கடிதம் வந்தது. தமிழில் நன்றாகவே எழுதியிருந்தார்கள்.

அந்தக் கடிதத்தை மகள்தான் வாசித்தாள். மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, சப்பாத்தைத் துடைத்து மூலையில் வைத்தாள். மறுநாள் விடியுமுன் எழும்பவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. நான் கெஞ்சினேன், திட்டினேன், ஒரு நாள் கை நீட்டியும் விட்டேன். அவள் அழவில்லை. கொழும்பில் ஒரு துணிக்கடையில் ஆள் எடுக்கிறார்கள், கூட்டாளிகள் இரண்டு பேர் போகிறார்கள், நானும் போகிறேன் என்றாள். பாடசாலை விடுகைப் பத்திரம் வாங்க இரண்டு பேரும் நடந்தே இறங்கினோம். அதிபர் ஒரு வார்த்தை தடுத்துப் பார்த்தார், பிறகு கையெழுத்து வைத்தார். திரும்பி ஏறும்போது பாதி வழியில் மதகுக் கட்டில் உட்கார்ந்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நம்முடைய வீட்டுப் படிவத்தையும் சொன்னேன்.

அவள் நின்றபடியே கேட்டாள். நான் முடித்த பிறகு, “வேற யாருக்கெல்லாம் தெரியும்?” என்று கேட்டாள்.

“அந்த சேருக்கு மட்டும்தான்.”

“அப்பாவுக்குத் தெரிய வேணாம். நான் அவருக்குப் போன வாரமே சொல்லிட்டேன், எனக்குக் கணக்கு ஏறல, அதான் விடுறேன்னு. அவரு அப்படியே நெனைக்கட்டும்.”

நான் வாயைத் திறந்தேன். அவள் என் கையிலிருந்த விடுகைப் பத்திரத்தை வாங்கி, தூறலில் நனையாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு முன்னால் நடக்கத் தொடங்கினாள்.

அவள் கொழும்புக்குப் போகிற அன்று பெட்டி கட்டி, சாமி கும்பிட்டு, வாசலில் நின்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டுதான் போனாள். அன்று பின்னேரம் வீட்டுக்காரர் கடையிலிருந்து அழைத்தார். பிள்ளை பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டாள் என்றார். பின்னால் பாத்திரங்களின் சத்தம் கேட்டது.

“என்ன செய்றது, நம்ம பரம்பரைக்கே கணக்கு ஏறாதுபோல. நாமதான் அவ மேல ரொம்ப ஆசைய வச்சிட்டோம், என்ன?” என்றார்.

“ஆமாங்க,” என்றேன்.